ஈரத்துணிக்குள் லூத்விக்

முப்பத்தோரு வருஷம் செங்கரைப்பட்டினத்தில் தபால் கொடுத்தவன் நான், சந்தியாகு. ஒரு கார்டைக்கூட மழையில் நனையவிட்டதில்லை, ஒரு தந்தியைக்கூட வீடு மாற்றிக் கொடுத்ததில்லை, அப்பேர்ப்பட்ட என்னையே இந்த ஊர் களிமண் தலைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தது என்றால் எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள். ஆகவே போலந்துக்காரி புரோனிஸ்லாவாவின் கதையை நான் சொன்னால் காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். பிடிக்காதவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம், ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் மூக்குச்சளிகூட உறைந்துபோகும் என்று அவள் சொல்கிற ஒரு சின்ன ஊரில், கல்லறைக்குக் கல் செதுக்குகிறவனுக்கு மகளாய்ப் பிறந்து, செத்தவர் பெயரையே எத்தனை நாள் வெட்டிக்கொண்டிருப்பது என்று அப்பனோடு சண்டை போட்டு, உயிரோடு இருப்பவர்களின் முகத்தைச் செய்யப் படித்து, முப்பது வயதுக்குள் நான்கு மேயர், இரண்டு தளபதி, ஒரு பிஷப், அந்த பிஷப்பின் நாய் என்று கேட்டவருக்கெல்லாம் தலை செய்து கொடுத்து, அந்தத் தலைகளை மடியில் வைத்துக்கொண்டு டிராம் வண்டியில் போய்வந்த வகையில், அதே டிராமில் டிக்கெட் கிழிக்கிற லூத்விக்கோடு பழக்கமாகி, அவனையே கட்டிக்கொண்டவள் அவள். வேலை முடிந்த தலையில் அவள் பெயர் எழுதமாட்டாள். இடது காதுக்குப் பின்னால் கட்டைவிரலை ஒரு அழுத்து அழுத்துவாள், அதுதான் அவள் கையெழுத்து. கல்யாணத்தன்றைக்கு லூத்விக் காதை மடக்கிக் காட்டி, எனக்கும் ஒரு கையெழுத்துப் போடேன் என்று கேட்டானாம். நீ இன்னும் முடியவில்லை, முடிந்ததும் போடுகிறேன் என்றாளாம். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

பட்டாளத்துக்காரர்கள் அவனை லாரியில் ஏற்றினார்கள், அவளை ரயிலில் ஏற்றினார்கள். லாரி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அவளோ பனிக்காடு, பாரசீகம், பம்பாய்ப் பக்கம் ஓர் அகதி முகாம் என்று சுற்றி, முகாமை மூடியதும் ஒரு பாதிரியாரின் சிபாரிசுக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, சுதந்திரம் வந்த மறு வருஷம், எங்கள் மாதா கோயிலுக்கு அந்தோணியார் செய்துகொடுக்க வந்து இறங்கினாள். பெயர் வாயில் நுழையாததால் முதல் வாரத்திலேயே புரோணியம்மா ஆக்கிவிட்டோம். அந்தோணியாரும் நன்றாகத்தான் வந்தார். ஆனால் அவளுக்கு உயிரோடு இருக்கிற ஆளின் முகத்தைத்தான் செய்ய வரும் என்பதால், அந்தோணியார் அச்சு அசலாக மீன் ஏலம் விடுகிற பர்னாந்து மாதிரி இருந்தார். முழங்கால் போட்ட பெண்களெல்லாம் முக்காட்டுக்குள் சிரித்தார்கள், பர்னாந்தோ தன் காலில் தானே விழுவதா என்று கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். பங்குச்சாமியார் அவளைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். அவள் கண்மாய்க் கரையில் பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றைப் பிடித்துக் குடியேறி, கண்மாய்க் களிமண்ணில் முதல் வேலையாக லூத்விக்கின் தலையை ஞாபகத்திலிருந்து செய்ய ஆரம்பித்தாள்.

களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். ஆகவே வேலை முடியாத தலையைச் சாயந்தரம் ஈரத்துணியில் சுற்றிவைத்து, காலையில் பிரித்து, மறுபடி வேலை செய்வார்கள். இது அவள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. பிற்பாடு நடந்ததற்கெல்லாம் காரணம் என்னவென்று அவளிடம் ஒருமுறை கேட்டேன். "எங்க ஊர்ல துணி உறைஞ்சுபோகும், சந்தியாகு. இங்க உறையல. அவ்வளவுதான்" என்றாள். எனக்கு அது போதுமான விளக்கமாகத்தான் பட்டது.

ஊருக்கு விஷயம் தெரிந்தது சேர்மன் வைரப்பெருமாளின் சிலையால். பஸ் ஸ்டாண்டு கட்டிய கையோடு, அதன் வாசலில் தன் தலையையும் வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. புரோணியம்மா சிமென்டில் செய்துகொடுத்தாள், பீடத்தில் ஏற்றித் துணியைப் போர்த்தியாகிவிட்டது. ஆனால் திறந்துவைக்க மந்திரி வரவேண்டுமே. மந்திரி இன்றைக்கு வருவார், அடுத்த மாதம் வருவார், மாநாடு முடிந்து வருவார் என்று பதினான்கு மாதம் சேர்மனின் தலை துணிக்குள்ளேயே நின்றது. இரண்டு ஐப்பசி மழையும் அதன்மேல் பெய்து தீர்ந்தது. கடைசியில் மந்திரி வந்த அன்று காலையில்தான் சேர்மனுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கி, வலது கன்னம் வீங்கி, துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். மந்திரி கயிற்றை இழுத்தார், துணி விழுந்தது. சிலைக்கும் வலது கன்னம் வீங்கியிருந்தது. பதினான்கு மாதத்தில் சேர்மனுக்கு விழுந்த வழுக்கையும் சிலைக்கு விழுந்திருந்தது, முந்தின வாரம் மூக்கின்மேல் வந்த பருவும் இருந்தது. மந்திரி சேர்மனையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிலை தத்ரூபமாக இருக்கிறது என்று பேசிவிட்டு, மாலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

யாரும் ஆச்சரியப்பட்டு வாயைப் பிளக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எதைப் பார்த்தாலும் இதனால் நமக்கு என்ன பிரயோஜனம் என்றுதான் யோசிப்பார்கள். மறுநாள் விடிந்ததும் பஞ்சவர்ணம் கிட்டங்கி வாசலில் நின்றாள். அவள் ஒரே மகன் சேதுராசு பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் இருந்தான், போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. மகனின் படத்தை நீட்டி, "இவன் தலையையும் ஒண்ணு செஞ்சு குடுங்க. நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு எழுதுறான், எனக்கு என்னமோ நம்பிக்கையில்ல" என்றாள். பிறகு கொழும்பில் புருஷன் உள்ளவள், ரங்கூனில் அண்ணன் உள்ளவள், சைகோனில் அப்பன் உள்ளவள் என்று வரிசை கண்மாய் மதகுவரைக்கும் நின்றது. ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் கடல் தாண்டிப் போனவர்கள் என்பதால், இரண்டே வருஷத்தில் வீட்டுக்கு வீடு அடுப்படியில், தண்ணீர்ப்பானைக்குப் பக்கத்தில், ஈரத்துணி சுற்றிய தலை ஒன்று உட்கார்ந்திருந்தது. காலையில் வாசல் தெளித்ததும் துணியைப் பிரித்து முகத்தைப் பார்ப்பார்கள். மீசை வைத்திருக்கிறானா, எடுத்துவிட்டானா, கண் குழி விழுந்திருக்கிறதா, நெற்றியில் காயம் எப்படி வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு விசாரணை நடக்கும். கடன்காரனுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவனின் தலை, தாடி வளர்த்துக்கொண்டு யோக்கியன் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

என் பிழைப்புதான் நாறிப்போனது. முன்னெல்லாம் தெருமுனையில் என் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பில் இருப்பதைத் தீயவிட்டு ஓடிவருவார்கள். இப்போது, "வச்சுட்டுப் போ" என்பார்கள். பஞ்சவர்ணம் ஒருநாள் மகன் கடிதத்தை என்னிடமே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தம்பி, நீ கொண்டாந்த கடுதாசியில வேளாவேளைக்குத் திங்கிறான், தலையில கன்னம் ஒட்டிப்போயிக் கெடக்கான். நான் எதை நம்ப?" என்று கேட்டாள். கடிதம் எழுதினவன் பொய் சொன்னால் அதற்குத் தபால்காரன் பொறுப்பா? ரஹ்மத் பீவி வீட்டில் இன்னும் மோசம். அவள் புருஷன் கொழும்பில் காலமான தந்தியை நான் கொண்டுபோனபோது, அவள் ஏற்கெனவே வெள்ளை உடுத்தி, புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் உட்கார்ந்திருந்தாள். நாலு நாளைக்கு முன்னாலேயே தலை கல்லாய் இறுகி, ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்துவிட்டதாம். பாவி மகள், அந்தத் தந்தியை வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். ஆள் போனால் தலை இறுகிவிடும் என்று ஊர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது.

இத்தனை பேர் தலையையும் செய்த புரோணியம்மாவுக்கு ஒரே தலைதான் முக்கியம். லூத்விக் தலை இறுகவில்லை. அப்படியென்றால் ஆள் உயிரோடிருக்கிறான், எங்கே என்றுதான் தெரியவில்லை. அவளுக்கு எந்த நாட்டுக் காகிதமும் கிடையாது, கப்பலேறித் தேடிப் போகவும் வழி கிடையாது. வருஷம் தவறாமல் கிறிஸ்துமசுக்குத் தன் பழைய வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதி என் கையில் கொடுப்பாள். தினமும் பதினோரு மணிக்கு நான் கண்மாய்க் கரையில் வரும்போது, மண் அப்பிய கையோடு வாசலுக்கு வந்து, "சந்தியாகு, பையில எனக்கு ஏதாச்சும் இருக்கா?" என்பாள்.

"இல்லம்மா" என்பேன்.

"சரி" என்று உள்ளே போய்விடுவாள். இப்படியே வருஷங்கள் ஓடின.

தலையோ நாளுக்கு நாள் செழித்துக்கொண்டு வந்தது. முதல் சில வருஷம் எலும்பும் தோலுமாக, பார்க்கவே பாவமாக இருந்த லூத்விக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை பிடித்தது. பிறகு மீசை வந்தது. புரோணியம்மாவுக்கு மீசையைக் கண்டாலே ஆகாது, ஆள் சூப் குடிப்பதற்கு முன்னால் மீசை குடித்துவிடும் என்பாள். அதற்கப்புறம் ஒரு நாள் துணியைப் பிரித்தால் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. அவள் இடுப்பில் கைவைத்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆள் அனுப்பிப் பஞ்சவர்ணத்தை வரவழைத்தாள்.

பஞ்சவர்ணம் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து, தாடையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "ஓட்டல்ல தின்னு வந்த ஒடம்பு இல்ல இது. எவளோ வெண்ணெய் போட்டுச் சமைக்கிறா."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள் புரோணியம்மா. மீன் கடையில் தமிழ் படித்தவள் அவள், அதற்கப்புறம் அவள் லூத்விக்கைத் திட்டிய திட்டை நான் எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டு, அதே கையால் துணியை நனைத்து, பிழிந்து, தாடை இரண்டையும் சேர்த்துச் சுற்றிவைத்தாள். துணியைச் சுற்றாமல் விட்டால் தலை வெடித்துவிடுமே, அதுதான் காரணம் என்று என்னிடம் சொன்னாள். நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

இதற்கிடையில்தான் பஞ்சவர்ணம் அந்தக் காரியத்தைச் செய்தாள். சேதுராசுக்குக் கன்னம் தேறி முகம் களையாக வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து வந்து பார்க்கிறார்கள், கண் பட்டுவிடும் என்று, மை எடுத்து மகன் தலைக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு ஒன்று வைத்துவிட்டாள். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரிக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. மூன்று வாரம் கழித்துப் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். ஆத்தா, கன்னத்தில் ராவோடு ராவாக ஒரு கறுப்புப் பொட்டு வந்திருக்கிறது, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, டாக்டருக்கும் விளங்கவில்லை என்று எழுதியிருந்தான். பஞ்சவர்ணம் எழுந்து போய் ஈரத்துணியால் பொட்டைத் துடைத்துவிட்டாள். அடுத்த கடிதத்தில் பொட்டுப் போய்விட்டது என்று எழுதினான்.

ஆக, விஷயம் இருபக்கமும் ஓடுகிறது. இது தெரிந்ததும் ஊரில் பெண்கள் அடுப்படியில் என்னென்ன செய்தார்கள் என்பதை நான் முழுவதும் சொல்லப்போவதில்லை. கொழும்பில் ஒருவனுக்குத் தினமும் விடியற்காலையில் காது எரிந்தது. ரங்கூனில் ஒருவனுக்குத் தலையில் எண்ணெய் வைக்காமலே எண்ணெய் வழிந்தது. சேர்மன் வைரப்பெருமாளுக்குப் பத்து வருஷமாக எத்தனை முறை குளித்தாலும் உச்சந்தலையில் காக்கை எச்சம் நாறியதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. மறுவாரமே தீர்மானம் போட்டுச் சிலைக்குமேல் தகரக் கொட்டகை எழுப்பினார். இன்றைக்கும் பஸ்சுக்கு நிற்கிறவர்கள் மழைக்கு ஒதுங்குவது அதற்குக் கீழேதான்.

புரோணியம்மா கிட்டங்கியில் அன்று பெண்கள் கூட்டம். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மூக்கைத் திருகிவிடு என்றாள் ஒருத்தி. அந்த இரண்டாவது தாடையை வழித்து எறி என்றாள் இன்னொருத்தி. உதட்டைச் சேர்த்து ஒட்டிவிட்டால் வெண்ணெய்ச் சோறு எப்படி இறங்கும் பார்ப்போம் என்றாள் பஞ்சவர்ணம். புரோணியம்மா மூங்கில் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தலைக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது அறுபது வயது. தபாலை மறந்து நானும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இத்தனை வருஷம் நான் கொண்டுவராத பதிலை அவள் இப்போது நேரடியாகவே கேட்டுவிட முடியும், கேட்ட பிறகும் அவன் வாய் திறக்காவிட்டால் அதற்குமேல் நம்புவதற்கு அவளிடம் ஒன்றும் மிஞ்சாது.

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். தலையின் பின்பக்கம் போய், இடது காதை மடக்கி, கட்டைவிரலை நனைத்து ஒரே ஒரு அழுத்து அழுத்தினாள். ஞாபகத்திலிருந்து செய்து இத்தனை வருஷமாகியும் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த தலை அது.

"முடிஞ்சிருச்சாம்மா?" என்று நான் கேட்டேன்.

"முடியல. நான் இருக்கேன்னு அவனுக்குத் தெரியணும்ல" என்றாள்.

ஒரு வாரம் ஒன்றுமில்லை. பிறகு லூத்விக்கின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது, தூங்கவில்லை போலிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் துணியைப் பிரித்தவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வலது கன்னத்தில் கண்ணிலிருந்து தாடைவரைக்கும் மூன்று நகக்கீறல்.

"அவளும் கண்டுபிடிச்சுட்டா" என்றாள் புரோணியம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு கட்டைவிரலை நனைத்து அந்த மூன்று கீறலையும் ஒவ்வொன்றாக, குழந்தைக்கு மருந்து தடவுவதுபோல, தடவித் தடவி மூடினாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று காலையில் துணியைப் பிரித்தால், லூத்விக்குக்கு மீசை இல்லை. மறுநாளிலிருந்து பழையபடி வளர ஆரம்பித்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அப்படித்தான், அந்த ஒரு நாள் மட்டும் மழமழவென்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி வருவான். ஊரே அதைப் பதில் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டது. இதற்குப் பேர் பதிலா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு அணா ஸ்டாம்புக்குக் கையாலாகாதவன் மீசையைச் சிரைத்துக் காட்டுகிறான். அவளோ அன்றைக்கு மட்டும் துணியைச் சுற்றாமல், தலைக்கு எதிரே உட்கார்ந்து சூப் குடிப்பாள்.

நாலு கிறிஸ்துமஸ் அப்படிப் போனது. ஐந்தாவது வருஷம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் ஊற்றிய தண்ணீர் லூத்விக்கின் நெற்றியிலிருந்து வழிந்து தரையில் விழுந்தது. அவள் அழவில்லை. நான் பதினோரு மணிக்குப் போனபோது வாசலுக்கு வந்தாள். ஆனால் பையில் ஏதாச்சும் இருக்கா என்று கேட்கவில்லை. இருபத்தேழு வருஷத்தில் அவள் கேட்காமல் விட்ட முதல் நாள் அதுதான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கண்மாய்க் கரை முடியும்வரை நடந்துபோனேன், ஏறி மிதிக்க மனசு வரவில்லை.

கடிதம் வந்தது ஆடி மாதத்தில். போலந்து ஸ்டாம்பு, அழுத்தமான பெண் கையெழுத்து. இருபத்தேழு வருஷமாக நான் கொடுக்கத் துடித்த கடிதம், அதை மணிகூட அடிக்காமல் கொண்டுபோய் நீட்டினேன். புரோணியம்மா அதைப் பிரித்துத் தனக்குள் ஒருமுறை படித்தாள். பிறகு, அங்கே உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணத்துக்கும் எனக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே இன்னொருமுறை படித்தாள்.

எழுதியவள் பெயர் தெக்லா. எங்கள் ஊரிலேயே மூன்று தெக்லாக்கள் உண்டு என்பதால் அந்நியமாகத் தெரியவில்லை. யுத்தம் முடிந்து சிறையிலிருந்து எலும்பும் தோலுமாக வந்த லூத்விக், பெண்டாட்டி செத்துவிட்டாள் என்று நம்பித்தான் தன்னைக் கட்டிக்கொண்டார் என்று எழுதியிருந்தாள். கட்டைவிரல் பதிந்த அன்று, முகம் கழுவும்போது காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். மறுநாளே பழைய ஊருக்குப் போய் விசாரித்திருக்கிறார். வீடு குண்டு விழுந்து போயிருந்தாலும், அந்த ஊர்த் தபால்காரன் உன் கடிதங்களை எறியாமல் பாதிரியாரிடம் கொடுத்து வைத்திருந்தான், இருபத்துமூன்று கடிதம், என்றிருந்தது. நான் அந்த முகம் தெரியாத மனுஷனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். தெக்லா மேற்கொண்டு எழுதியிருந்தது இது: அந்தக் கடிதங்களை அவர் மாவு டின்னுக்குள் ஒளித்துவைத்தார், நான் கண்டுபிடித்தேன், முகத்தைக் கீறினேன். மறுநாள் காலையில் கீறல் இருந்த இடம் தெரியவில்லை. என்னைவிடக் கோபப்பட உரிமை உள்ளவள் எங்கேயோ உட்கார்ந்து அவர் முகத்தைத் தடவிக்கொடுக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு எழுத உட்காருவார், அன்புள்ள என்று எழுதுவார், அதற்குமேல் ஓடாமல் கிழித்துப்போடுவார். கடைசிவரைக்கும் சவரக்காரனை அந்தக் காதுக்குப் பின்னால் கத்தி வைக்கவிட்டதில்லை.

கடைசிப் பத்தியைப் படிக்கும்போது புரோணியம்மாவின் குரல் இறங்கியது. இனி நான் சாப்பிட்டேனா, படுத்தேனா என்று பார்க்க எனக்கும் ஆள் கிடையாது. என் படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு மனமிருந்தால் என் தலையைச் செய். இல்லாவிட்டால் கிழித்துப்போடு, நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

தலை எத்தனை காட்டினாலும் இந்த மாவு டின்னைக் காட்டியிருக்குமா, சொல்லுங்கள். பஞ்சவர்ணம்தான் முதலில் வாய் திறந்தாள். "அடுப்புல போடு அந்தப் படத்தை. என்ன நெஞ்சழுத்தம் இருந்தா நம்மகிட்டயே கேப்பா."

புரோணியம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "இவளுக்கு ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இல்ல" என்றாள். பிறகு பஞ்சவர்ணத்திடம், "கண்மாயில நல்ல மண்ணா ரெண்டு கூடை அள்ளிட்டு வரச் சொல்லு" என்றாள்.

பதினோரு நாளில் தெக்லா தலை தயாரானது. உருண்டை முகம், கெட்டித் தாடை, வெண்ணெய் போட்டுச் சமைக்கிறவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. புரோணியம்மா கையைத் துடைத்துக்கொண்டு அதற்கு எதிரே நின்றாள். அந்தத் தலையின் வலது காதைப் பிடித்து, இருபத்தேழு வருஷத்துக்கும் சேர்த்து, நறுக்கென்று ஒரு திருகு திருகினாள். பஞ்சவர்ணத்துக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. பிறகு புரோணியம்மா அதன் இடது காதுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்திவிட்டு, துணியை நனைத்து, பிழிந்து, கழுத்துவரைக்கும் பதமாகச் சுற்றிவைத்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு நான் போனபோது துணி பிரித்திருந்தது. தெக்லாவின் வலது காது சிவந்திருந்தது. கண் இமை வீங்கியிருந்தது, கன்னம் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. புரோணியம்மா மண் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"அழுதிருக்கா. ராத்திரி சாப்பிடவும் இல்ல" என்றாள். பிறகு, "சந்தியாகு, பையில ஏர்மெயில் காகிதம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா" என்றேன்.